வளர்ச்சி இல்லை

அலாரம் ஐந்தே முக்காலுக்கு. அது அடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். லேபில் பழகியது, வீட்டிலும் விடவில்லை. டீ போட்டு நின்றுகொண்டே குடித்தான். பால்கனிக் கொடியிலிருந்து சட்டையை எடுத்தான். பால்கனித் தரையில் சதுரமாக நான்கு துருப் புள்ளிகள். ஒரு கூண்டின் கால்கள் நின்ற இடம். அவற்றை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கை, பிறகு முதுகு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினான். ஆறு நாற்பதுக்குக் கதவைப் பூட்டினான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

ஏழு மாதமாக இதே வரிசைதான். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது.

இன்றைக்கு ஒன்று மட்டும் கூடியது. படியிறங்கித் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து, மூன்று மாடி ஏறி, பூட்டை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தான். பூட்டு பூட்டித்தான் இருந்தது.

இன்று ஐந்தாம் நாள்.

அவனுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. கிருமி வளர்க்கிற வேலை என்று அவன் மனைவி சொல்லுவாள். காய்ச்சல்காரர்களின் ரத்தம் சிறு சிறு பாட்டில்களில் வரும். அலமாரி அளவு மெஷின் ஒன்றுக்குள் அவற்றைச் செருகிவைக்க வேண்டும். மெஷின் அவற்றைக் கதகதப்பாக வைத்து, ஆட்டி, இருபத்து நான்கு மணி நேரமும் காவல் காக்கும். எதிலாவது கிருமி வளர்ந்தால் கத்தும். ஐந்து நாள் கத்தாமல் இருந்தால் பாட்டிலை வெளியே எடுத்து, தாளில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு வருடத்தில் அந்த இரண்டு சொல்லை அவன் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பானோ தெரியாது. ஒரு தடவை தன் மனைவியின் பெயருக்குக் கீழே எழுதினான்.

இன்று பதினொன்று பத்துக்கு நான்கு பாட்டில்கள் வெளியே வர வேண்டும். நான்கும் அவன் மச்சினியுடையவை. மனைவியின் ஒரே தங்கை.

லேபுக்குப் போவதற்கு முன் நான்காவது மாடிக்குப் போனான். லிஃப்ட் வந்து நின்றது. அதை விட்டுவிட்டுப் படியில் ஏறினான். பத்து நாளாகவே உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. மனசு கல் மாதிரிக் கிடக்கிறது. கால்தான் சொன்னபடி கேட்பதில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பை. அதற்குள் எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ஃபிளாஸ்க், மாற்றுத் துணி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

“வாங்க மாப்பிள்ளை. சாப்டீங்களா?”

“ஆச்சு அத்தை.”

“பொய். முகத்தப் பாத்தாலே தெரியுது.”

“அம்மா, அவரு முகமே அப்படித்தான்,” என்றாள் படுத்திருந்த மச்சினி. “கல்யாண ஃபோட்டோலயே பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரி நின்னவரு.” சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். போர்வைக்குள் முழங்கால் மட்டும் தனியாக மேடு கட்டியிருந்தது.

பதினோரு நாளாகக் காய்ச்சல். விட்டுவிட்டு வருகிறது. முதலில் வாந்தி, பிறகு உடம்பு வலி, பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள், பிறகு முழங்கால். இரண்டு நாள் ஏதோ மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, என்ன கிருமி என்றே தெரியாமல் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று நிறுத்தியிருந்தார்கள்.

“நாலு பாட்டில் ரத்தம் உறிஞ்சினீங்களே மாமா, ஏதாவது முளைச்சுதா?”

“இன்னும் இல்ல.”

“நல்ல உரமாப் பாத்துப் போடுங்க.”

“வாய் மட்டும் குறையல,” என்றாள் மாமியார்.

“அம்மா, மேனேஜருக்குத் தண்ணி வச்சியா?”

“கம்பி வழியா ரெண்டு பிஸ்கெட் தள்ளிட்டு வந்தேன். அதுக்கு மேல என்னால ஆகாது. நீ எழுந்து வந்து உன் எலிக்கு ஊழியம் பண்ணிக்கோ.”

“அக்கா எலிம்மா அது.”

தண்ணி என்ற பேச்சு அவனுக்குள் எங்கோ லேசாக உரசியது. என்னவென்று அவன் பார்க்கவில்லை. தலைமாட்டில் தொங்கிய காய்ச்சல் அட்டையை எடுத்துப் படித்தான்.

மேனேஜர் ஒரு வெள்ளை எலி. அவன் மனைவி ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். அந்த வருடத்துப் பாடம் முடிந்து, மிச்சமிருந்த எலிகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, ஒன்றைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பகலெல்லாம் ஒரு வேலையும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்து, மீசையை ஆட்டிக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கும். அதனால் மேனேஜர். அவள் போன பிறகு தங்கை கேட்டாள். அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பால்கனியில் துருப் புள்ளி மட்டும் மிச்சம்.

“ஒண்ணும் ஆகாதுல்ல மாப்பிள்ளை?” மாமியார் வாசல் வரை கூடவே வந்து, குரலை இறக்கிக் கேட்டாள். “அவளுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.”

“டாக்டர் பாத்துக்குவாரு அத்தை.”

“நான் உங்களத்தான் நம்பியிருக்கேன். கடைசி மூச்சுலயும் அம்மாவப் பாத்துக்கோன்னு உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனா.”

அவன் தரையைப் பார்த்தான். மனைவி அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு மாமியார் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என்ன சொன்னா, என்ன சொன்னா என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அவள் உண்மையில் சொன்னது ஏதோ வீட்டு வேலை. ஒரு தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி அதில் ஒன்றுமில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் திரும்ப எடுத்துப் பார்க்கவும் இல்லை.

வராந்தாவில் வார்டு டாக்டர் எதிரே வந்தார். இளம் வயது. நடந்துகொண்டே பேசுகிறவர்.

“பதினொண்ணு பத்துக்கு ரிப்போர்ட் வந்துடும்ல?”

“வந்துடும் டாக்டர்.”

“நெகட்டிவ்னா உடனே ஸ்டீராய்ட் ஆரம்பிச்சுடுவேன். உடம்பே உடம்பத் தாக்குற வியாதி இது. அக்காவுக்கும் இதே மாதிரி இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப ரத்தத்துலயே ஓடுது. பரம்பரை.”

“கிருமியா இருந்தா ஸ்டீராய்ட்...”

“இருந்தா அத இன்னும் தூக்கிவிடும், தெரியும். அதுக்குத்தானே அஞ்சு நாள் பொறுத்தோம்? கிருமி இருந்தா உங்க மெஷின் இந்நேரம் கத்தியிருக்கும்.”

எட்டு வருடமாக எல்லோரிடமும் அவனே சொல்லிவந்த வாக்கியம் அது.

லேபுக்குள் நுழைந்ததும் முதலில் மெஷினிடம் போனான். நான்கு பாட்டிலுக்கு நேரே நான்கு பச்சை விளக்குகள். பச்சை என்றால் ஒன்றும் இல்லை.

“கண்ணு வச்சாலும் அது கத்தாது தம்பி,” என்றாள் ரேடியோ அக்கா. லேபின் மூத்த டெக்னீஷியன். காலையில் வந்து ஆன் ஆனால் சாயங்காலம் வரை ஓயாது. “வந்ததுலேருந்து மூணு தடவ பாத்தாச்சு. கத்துச்சுன்னா நானே ஓடிவந்து சொல்றேன். இந்தா, உன் மச்சினி முழங்கால்லேருந்து நீர் எடுத்து அனுப்பியிருக்காங்க. இதையாவது பாரு.”

குழாயில் மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. ஒரு சொட்டை ஸ்லைடில் தடவினான். காயவைத்தான். ஊதாச் சாயம், ஒரு நிமிடம். கழுவினான். அயோடின், ஒரு நிமிடம். கழுவினான். ஆல்கஹால். கழுவினான். சிவப்புச் சாயம். கழுவினான். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தான்.

சீழ் அணுக்கள் ஏராளம். திட்டுத் திட்டாகச் சிவப்பு. அவற்றுக்கு நடுவே மெல்லிய நூல்கள் கிடந்தன. சில சுருண்டு, சில நீட்டமாக. கிருமி என்றால் பொட்டாகவோ குச்சியாகவோ இருக்க வேண்டும். நூல் என்றால் குப்பை. ஸ்லைடைத் துடைத்த துணியின் இழை, அல்லது சாயத்தின் கசடு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இது: நூலைப் பார்க்காதே, நூலைத் தாண்டிப் பார்.

“அக்கா, ஒரு நிமிஷம்.”

ரேடியோ அக்கா ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். “பஞ்சு. துணிய மாத்து, துணிய மாத்துன்னு தொண்டை வத்தக் கத்துறேன், யாரு கேக்குறா? கிருமி தெரியலன்னு எழுதி அனுப்பு.”

பேனாவை எடுத்தான். 'கிருமி' வரை எழுதினான். பேனாவை வைத்துவிட்டு மெஷினிடம் போனான். ஒன்பது இருபத்தைந்து. நான்கு பச்சை. திரும்பி வந்து உட்கார்ந்தான். எழுந்தான். குழாயைத் திறந்து கை கழுவினான். ஏற்கெனவே கழுவிய கை. பிறகு அலமாரியிலிருந்து பிரிக்காத ஸ்லைடுப் பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தான். எந்தத் துணியாலும் துடைக்காத ஸ்லைடு இரண்டு. ஒன்றில் முழங்கால் நீர், மற்றதில் வெறும் காய்ச்சிய தண்ணீர். இரண்டுக்கும் ஒரே சாயம், ஒரே நிமிடக் கணக்கு.

தண்ணீர் ஸ்லைடு வெறுமையாக இருந்தது. மற்றதில் மறுபடியும் நூல்.

இந்த முறை அவன் நூலைத் தாண்டவில்லை. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனான். நடுநடுவே வீங்கியிருந்தது. மணி கோத்த மாதிரி. இன்னொன்று நடுவில் ஒடிந்து சின்னச் சின்னக் குச்சிகளாகக் கிடந்தது. பஞ்சு இழை வீங்காது. பஞ்சு இழை அளவெடுத்த மாதிரி ஒடியவும் ஒடியாது.

ஸ்லைடைத் தட்டோடு எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனான். லேபுக்குத் தலைமை டாக்டர். ஒரு கண்ணாடி மூக்கில், ஒரு கண்ணாடி தலையில். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவன் சுவரிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சுவருக்கும் நடந்தான்.

“நடக்காதீங்க. மேஜை ஆடுது.”

நின்றான்.

“நான் இத நேர்ல பாத்ததில்ல,” என்றார் மேடம் மெல்ல. “பரீட்சைக்குப் படிச்சப்போ படம் பாத்திருக்கேன். ஒரே ஒரு படம்.” எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை இழுத்து, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். எச்சில் தொடாதே என்று சுவரில் அவரே எழுதி ஒட்டியிருந்த தாள் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. “உள்ளங்கையில புள்ளி இருக்கா?”

“இருக்கு மேடம். உள்ளங்கால்லயும்.”

“வீட்ல என்ன வளக்குறாங்க?”

மேஜை மேல் மச்சினியின் விண்ணப்பத் தாள் கிடந்தது. கீழ்வரிசையில் வளர்ப்புப் பிராணிகள் என்று தலைப்பு. நாய், பூனை, ஆடு, மாடு, பறவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கடைசியில் 'எதுவும் இல்லை' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். அவன் போட்டது. ஏழு மாதத்துக்கு முன் இன்னொரு தாளிலும் இதே கட்டத்தில், அநேகமாக இதே பேனாவால் போட்டான். அவன் பொய் சொல்லவில்லை. மேனேஜர் அவன் கணக்கில் பிராணியே இல்லை. ஆய்வகத்தில் பிறந்தது, சோதித்த தீனி தின்றது, சாக்கடை எலியைக் கண்ணால்கூடப் பார்க்காதது. நம்மைவிடச் சுத்தம் என்று அவள் சொல்லுவாள். லேப் ஆட்கள் இரண்டு பேர் வாழ்ந்த வீட்டில் அதற்கு மறுபேச்சே எழவில்லை.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. ஏழு மாதமாக அவன் எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தது. ஒரு சொல் குறையாமல், அவள் குரலிலேயே வந்தது.

சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். சொன்னால் மச்சினிக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும். கூடவே இன்னொன்றும் தெரிந்துவிடும். தெரிந்தபின் அதைத் திரும்ப மூடிவைக்க முடியாது. மேடத்தின் சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. பத்து ஐம்பத்திரண்டு.

“எலி,” என்றான்.

“வீட்டுக்குள்ள ஓடுற எலியா?”

“இல்ல மேடம். வெள்ளை எலி. கூண்டுல இருக்கு. என் மனைவி வளத்தது.”

மேடம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். அவன் மனைவி எந்த வார்டில், என்ன காய்ச்சலில், எத்தனை நாள் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். இதய வால்வில் போய்ப் பிடித்துக்கொண்டது என்ன என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போனதும் தெரியும். மறுபடி புத்தகத்தின் மேல் குனிந்தார்.

“எலிக்கடிக் காய்ச்சல்,” என்றார். “வழக்கமா பாக்குற எலிக் காய்ச்சல் இல்ல. அது மூத்திரத்துல வர்றது, அந்த டெஸ்ட் எடுத்தா நெகட்டிவ்னுதான் வரும். இது எலியோட வாய்க்குள்ளயே குடியிருக்குற கிருமி. எலிக்கு ஒண்ணும் பண்ணாது.”

“அப்ப பாட்டில்ல ஏன் மேடம் வளரல?”

மேடம் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி ஒரு வரியில் நகத்தை வைத்தார். அவன் படித்தான். மறுபடி படித்தான். ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க எல்லாப் பாட்டிலிலும் ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். மற்றக் கிருமிகளுக்கு அது தொந்தரவு இல்லை. இந்தக் கிருமியை மட்டும் அது தலைதூக்கவே விடாது.

“அஞ்சு நாள் இல்ல, அஞ்சு மாசம் வச்சிருந்தாலும் கத்தாது,” என்றார் மேடம். “பாட்டிலே அத அமுக்கிடும்.”

அவன் தலையாட்டினான். நான்கு பாட்டில். மனைவிக்கும் நான்குதான். தினமும் காலையில் போய்ப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறி, ஒண்ணும் இல்ல, பயப்படாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறாள்.

வெளியே மேஜையில் ஃபோன் அடித்தது. ரேடியோ அக்கா எட்டிப் பார்த்தாள். “தம்பி, நாலாவது மாடி. ரிப்போர்ட் எங்கன்னு குதிக்கிறாரு.”

போய் எடுத்தான்.

“டைம் ஆயிடுச்சே? நெகட்டிவ்தானே?”

மெஷினைப் பார்த்தான். நான்கு பச்சை. “நெகட்டிவ்தான் டாக்டர். ஆனா ஸ்டீராய்ட் போடாதீங்க.”

“என்னது?”

“போடாதீங்க. முழங்கால் நீர்ல கிருமி இருக்கு.”

“நர்ஸ் ஊசிய கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. லேப்லேருந்து எனக்கு மருந்து எழுதுறீங்களா? ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்றீங்க...”

“பாட்டில் பொய் சொல்லுது டாக்டர்.”

மேடம் வந்து அவன் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். “நான் பேசுறேன். ஊசிய கீழ வைக்கச் சொல்லுங்க. பென்சிலின் இருக்கா வார்டுல?” என்று ஆரம்பித்தார். மீதியை அவன் கேட்கவில்லை. வேறு வகைக் குழாய்கள் இரண்டை, வேறு பொருள் போட்டவை, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினான். இரண்டு இரண்டு படியாக. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு சக்கர நாற்காலியில் மோதப் பார்த்தான். “பாத்துப் போய்யா,” என்றது ஒரு குரல்.

மாமியார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று.

“மேனேஜர் உன்னக் கடிச்சானா?”

மச்சினி கண்ணை அகலத் திறந்தாள். “என்ன மாமா, மூச்சு வாங்குது? லிஃப்ட் என்னாச்சு?”

“கடிச்சானா, இல்லையா?”

அவள் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வெளிறிய இரண்டு புள்ளிகள். ஆறிப்போன காயம். தேடினால்தான் தெரியும். “மூணு வாரம் இருக்கும். தண்ணிக் கிண்ணத்த எடுத்தேன், லபக்குனு பிடிச்சுட்டான். ரத்தம்கூட ரெண்டு சொட்டுதான்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அம்மா தூக்கி வெளிய போட்டுடுவாங்க. அக்காவோடதுன்னு அது ஒண்ணுதானே மாமா இருக்கு.”

அவன் அந்த விரலைப் பிடித்தபடி நின்றான். அதற்குள் வார்டு டாக்டர் வந்துவிட்டார். இந்தத் தடவை நடந்துகொண்டே பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விரலைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். “இதக் கேக்கணும்னே தோணல எனக்கு,” என்றார். அவனிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. புதிய குழாய்களில் ரத்தம் எடுத்த பிறகு, பதினொன்று முப்பத்தைந்துக்குப் பென்சிலின் ஏறியது.

அடுத்த மூன்று நாள் அவன் எதையும் முழுசாகச் செய்யவில்லை. டீயைப் பாதியில் வைத்தான். பேச்சைப் பாதியில் விட்டான். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பினான். புதிய குழாயின் ரத்தத்தைச் சீரம் கலந்த திரவத்தில் சேர்த்து, ஈரக் காற்றுப் பெட்டியில் வைத்திருந்தான். கத்துகிற மெஷின் அதற்குக் கிடையாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒரு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தான். “குழாயப் பாத்தது போதும், குழந்த இல்ல அது, எழுந்து நடக்கப்போறதில்ல,” என்றாள் ரேடியோ அக்கா. ஆனால் அவன் கண்ணில் படாதபோது அவளும் போய்ப் பார்த்தாள். இரண்டாம் நாள் காய்ச்சல் நூறுக்குக் கீழே இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் குழாயின் அடியில் நாலைந்து வெள்ளைப் பொட்டுகள் கிடந்தன. பிய்த்துப் போட்ட பஞ்சு போல. புத்தகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பியதில் அதே பெயரை உறுதிசெய்து பதில் வந்தது. கால்நடை டாக்டர் ஒருவர் வந்து மேனேஜரைக் கூண்டோடு வாங்கிக்கொண்டு போனார். அதன் வாயிலும் அதே கிருமி. அதற்கு ஒரு தும்மல்கூட இல்லை. போகும்போதும் மூலையில் உட்கார்ந்து மீசையை ஆட்டியபடிதான் போனது என்றாள் மாமியார். விண்ணப்பத் தாளில் பறவைக்குப் பக்கத்தில் புதிய கட்டம் ஒன்றை மேடம் சேர்த்தார். 'வேறு ஏதாவது உயிர்' என்று எழுதி, பக்கத்தில் கோடு போட இடமும் விட்டார்.

அவன் பழைய பதிவேட்டை எடுத்து ஏழு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்தான். நான்கு பாட்டில் எண்கள். வளர்ச்சி இல்லை. கையெழுத்து. அந்தப் பாட்டில்களை மாதக் கடைசியில் மற்றக் கழிவுகளோடு சேர்த்து வேகவைத்து அப்புறப்படுத்தியதும் அவன்தான். இனிச் சோதித்துப் பார்க்க அவளுடையது என்று ஒரு சொட்டுகூட எங்கேயும் இல்லை. ஆமாம் என்றும் இல்லை என்றும் எந்தத் தாளும் இனி சொல்லப்போவதில்லை. பதிவேட்டை மூடி, இருந்த இடத்தில் வைத்தான்.

பென்சிலின் ஏறிய ஆறாம் நாள் மத்தியானம் நான்காவது மாடிக்குப் போனான். மச்சினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வற்றியிருந்தது. அவனைக் கண்டதும் மாமியார் ஸ்டூலிலிருந்து எழுந்து கையைக் கூப்பிவிட்டாள்.

“என்ன அத்தை இது, உக்காருங்க.”

“உக்கார மாட்டேன். அந்த டாக்டரே சொல்லிட்டாரு. மாப்பிள்ளை மட்டும் ஃபோன்ல தடுக்கலன்னா கைமீறிப் போயிருக்கும்னு.” மாமியார் கூப்பிய கையை இறக்கவில்லை. “என் பெரியவ போகும்போது சொல்லிட்டுப் போனத நீங்க காப்பாத்திட்டீங்க. அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா. சொன்ன சொல்லுக்கு நின்னுட்டீங்க.”

அவன் ஜன்னல் பக்கம் போனான். திரும்பி வந்தான். கட்டில் கம்பியைப் பிடித்தான். விட்டான்.

“அவ அப்படிச் சொல்லல அத்தை.”

மாமியாருக்குப் புரியவில்லை. “என்ன?”

“நீங்க கேட்டப்போ நானாச் சொன்னது அது. அவ சொன்னது வேற.”

மச்சினி ரொட்டியைக் கீழே வைத்தாள். மாமியார் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் தொங்கிய பை நழுவித் தரையில் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

“என்ன சொன்னா?”

மனைவி போன அன்று காலை ஏழு மணி. அவன் வார்டிலிருந்து லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் கையசைத்துக் கூப்பிட்டாள். முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை ஒரு விரலால் நகர்த்திவிட்டுப் பேசினாள். அவன் சரி என்றான். மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு, பச்சை விளக்கைப் பார்க்கக் கீழே போனான். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“சொல்லுங்க மாப்பிள்ளை. என்ன சொன்னா எம் பொண்ணு?”

அவன் சொன்னான். அவள் சொன்ன மாதிரியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

“மேனேஜருக்குத் தண்ணி மாத்தணும், மறந்துடாத. கைய உள்ள விடாத, பாத்து. என்னையே கடிச்சுட்டான்.”